அறுபத்திரண்டாம் லாட்டு

நீங்க எறங்கறது அவினாசிங்களா? நான் கோயமுத்தூரு போறேனுங்க. கல்யாணம் காச்சின்னு இல்ல, ஏலத்துக்குப் போறேன். நகை ஏலம் இல்லீங்க, காசு ஏலம். பழைய வெள்ளிக் காசு. சிரிங்க, பரவால்ல. மொதல்ல எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. பொம்பளைக்குக் காசு ஏலத்துல என்ன வேலைன்னு எங்க அண்ணனே கேட்டாரு. நான் திருப்பிக் கேட்டேன், வெள்ளிக்கு ஆம்பள பொம்பள தெரியுமான்னு. 

எனக்கு ஊரு சேலம், செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறை. எங்க வீட்டுக்காரரு கம்பி இழுப்பாரு, நான் பத்தவைப்பேன். சலங்கைய வச்சு, பொடி வச்சு, ஊதி ஒட்ட வைக்கிற வேலை. நாப்பது வருசம், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. இந்த ரெண்டு வெரலப் பாருங்க, ரேகையே இருக்காது. ஆதார் எடுக்கப் போனப்ப மெஷினு என்னை ஆளே இல்லைன்னு சொல்லிருச்சு. நாலு தடவ அலைய விட்டாங்க.

ஆனா காது இருக்குதுங்க. அதத்தான் சொல்ல வந்தேன். பட்டறைக்கு உருக்கறதுக்குப் பழைய காசு வாங்குவோம். நாலு காசு கொண்டாந்து போட்டாங்கன்னா நான் ஒண்ண வெரல் நுனியில நிறுத்தி இன்னொண்ணால ஒரு தட்டுத் தட்டுவேன். நல்ல வெள்ளின்னா சத்தம் நீண்டு போவும். கிணீ...ருன்னு போயிட்டே இருக்கும். பாதி வெள்ளி, பாதி செம்புன்னா சட்டுனு நின்னு போயிரும். வார்த்து ஊத்துன கள்ளக்காசு டொக்குங்கும், சொத்தத் தேங்கா மாதிரி. தராசு வேண்டாம், உரைகல்லு வேண்டாம். தராசு வச்சும் பிரயோசனம் இல்லீங்க, நல்ல வெள்ளிக் காசும் பாதி வெள்ளிக் காசும் ஒரே எடை. வெள்ளக்காரன் அப்படித்தான் அடிச்சிருக்கான். காதுதான் சொல்லணும்.

ராசாக்கள நாங்க முகத்த வச்சுத்தான் சொல்லுவோம். ராணின்னா ராணி. அவங்க பையன் மொட்ட ராசா. அதுக்கடுத்தது தாடி ராசா. இந்த மூணும் நல்ல வெள்ளி, நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு. கடைசியா வந்தவரு தாடி இல்லாத ராசா. சண்டை நேரத்துல வெள்ளி பத்தாம அந்த ஆளு பேர்ல அடிச்ச ரூபாயில பாதியச் செம்பு கிம்புன்னு கலந்துட்டாங்க. நான் உருக்குன தாடியில்லாத ராசா ஒண்ணாவது நல்ல வெள்ளியா இருந்ததில்ல. நாப்பது வருசத்துல ஒண்ணு கூட இல்ல.

வருசம் பாக்க மாட்டீங்களான்னு கேப்பாங்க. பாக்க மாட்டேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறேன், நம்பர் தெரியும். ஆனா எனக்கு எதுக்கு? உருக்குனா வருசம் மிஞ்சுமா?

இந்த ஏலம் எப்படின்னு சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்கு மத்தது புரியும். யாராச்சும் பெரியவங்க சேத்து வச்சிட்டுச் செத்துப் போயிருப்பாங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மொத்தத்தையும் ஒரு தட்டுல கொட்டி, நம்பர் ஒட்டி, ஏலத்துக்கு விட்டுருவாங்க. அதுதான் லாட்டு. நல்லதும் கெட்டதும் கலந்து கெடந்தா கலவை லாட்டு. ஏலம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி ஒரு மணி நேரம் தட்டத் தொறந்து வைப்பாங்க. எடுத்துப் பாக்கலாம், தட்டிப் பாக்கலாம். சொரண்டக் கூடாது, வெட்டக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள இது இவ்வளவு பெறும்னு மனசுல ஒரு தொகையப் போட்டுக்கணும். அதுக்கு மேல கையத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் தொழிலு. கையத் தூக்காம இருக்கறதுதான் தொழிலு.

எங்க ஊருல ஒரு சங்கம் இருக்குது, காசு சேக்கறவங்க சங்கம். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏலம் போடுவாங்க. அதுக்குத் தலைவரா இருந்தவரு பேரு கோதண்டபாணி. ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயரானவரு. எதையும் தேதி பாத்துத்தான் நம்புவாரு. ஒரு காசக் கையில குடுத்தீங்கன்னா, கண்ணாடிய மேல தூக்கிட்டு, மூக்குக்கிட்ட வச்சு, இது இந்த வருசம், இந்த ஊருல அடிச்சது, அந்த வருசம் இத்தன லட்சம் அடிச்சாங்கன்னு ஒப்பிப்பாரு. ஆனா அது வெள்ளியா தகரமான்னு கேட்டா புஸ்தகத்தப் பாக்கணும்பாரு. எனக்கும் அவருக்கும் ஆரம்பத்துலயிருந்தே ஒத்துப் போவல. நான் தட்டிப் பாத்தாலே மூஞ்சியச் சுளிப்பாரு. "ஏம்மா, தேஞ்சு போவும்"பாரு. வெள்ளி என்ன வெண்ணெயா தேயறதுக்கு?

முந்தா வருசம் ஐப்பசி. சங்கத்து ஏலம், மண்டபத்துல. அறுபத்திரண்டாம் நம்பர் லாட்டு. ஆத்தூர் பக்கம் ஒரு குடும்பத்தோடது, மொத்தம் நூத்தியெழுபது காசு. நோட்டீசுல அச்சடிச்சிருக்காங்க, 'எல்லாம் தொண்ணூத்திரெண்டு வெள்ளி'ன்னு. கோதண்டபாணி கையெழுத்து கீழ. நான் போயித் தட்டப் பாக்கறேன். மேலாப்புல ராணியும் தாடி ராசாவும் பளபளன்னு ஒக்காந்திருக்காங்க. கைய உள்ள விட்டுக் கிளறுனா அடியில பூரா தாடியில்லாத ராசா. ஒண்ண எடுத்துத் தட்டுனேன், நின்னு போச்சு. இன்னொண்ணு, நின்னு போச்சு. இருபது முப்பது தட்டியிருப்பேன். ரெண்டு கள்ளக்காசு வேற. எழுபத்தஞ்சாயிரம் பெறும், அதுக்கு மேல ஒரு ரூபா பெறாது. ஏலம் ஆரம்பிக்கிற தொகையே தொண்ணூறு போட்டிருக்காங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, உனக்கென்ன, கையத் தூக்காம இருந்திருக்கலாம்லன்னு. ஆனா ஈரோட்டு வியாபாரி ஒருத்தரு நோட்டீச மட்டும் பாத்துட்டு லட்சத்துக்கு மேல போவலாம்னு போன்ல பேசிட்டிருக்கறாரு. எனக்கு அவரு மாமனா மச்சானா? ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பொய் வெள்ளி வெல போறதப் பாத்துட்டு என்னால ஒக்காந்திருக்க முடியாதுங்க. மேடைக்கு நேரா போயிட்டேன்.

"சார், இது தொண்ணூத்திரெண்டு இல்ல. முக்காவாசி பாதி வெள்ளி. நோட்டீசத் திருத்துங்க."

அறுபது எழுபது பேரு இருக்காங்க கூட்டத்துல. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கோதண்டபாணிக்கு முகம் செவந்து போச்சு. மைக்கு கையில இருக்குது, மைக்குலயே பேசறாரு:

"ஏம்மா, கொலுசுக்கு ஊதறவங்களுக்கு வெள்ளி தெரியலாம். காசு தெரியாது. இது நான் பாத்துப் போட்ட லாட்டு."

கூட்டம் சிரிச்சுது. ஏங்க, கொலுசுக்கு ஊதறது என்ன கேவலமான தொழிலா? இவங்க வீட்டுப் பொம்பளைங்க கால்ல கெடக்கறது யாரு ஊதுனது?

"ஒரு காச வெட்டிக் காட்டட்டுமா?"ன்னு கேட்டேன். "உள்ளாற மஞ்சளா இருக்கும், நீங்களே பாப்பீங்க."

"உங்க காசா அது? வாங்குனவங்கதான் வெட்டலாம். வாங்கிட்டு வெட்டுங்க."

அப்படியா சேதின்னேன். போயி ஒக்காந்தேன். லாட்டு வந்துச்சு. கையத் தூக்குனேன்.

எழுபத்தஞ்சு பெறும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சுதாங்க தூக்குனேன். தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, லட்சம். ஈரோட்டுக்காரரு விட மாட்டேங்கறாரு, நானும் விடல. ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரத்துல அவரு கையக் கீழ போட்டாரு. மெருகு போடற மெஷின் வாங்கறதுக்குச் சீட்டுப் போட்டு எடுத்து வச்சிருந்த பணம் அது. போவட்டும்னு நெனச்சேன். மெஷின் அடுத்த வருசம் வாங்கிக்கலாம், பேரு போனா வாங்க முடியுமா?

பணத்தக் கட்டுனேன். தட்ட வாங்குனேன். பையில உளியும் சுத்தியும் எப்பவும் இருக்கும் எனக்கு. மேடைப் படி கருங்கல்லு. தட்டுல கைய விட்டு ஒரு தாடியில்லாத ராசாவ எடுத்துப் படி மேல வச்சேன். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, செல்போனத் தூக்கிட்டு நிக்கறாங்க. அவரு மேடையிலிருந்து எறங்கி ஓடி வர்றாரு. குனிஞ்சு பாத்தாரு. பாத்ததும் கத்துனாரு பாருங்க:

"வெட்டாதீங்கம்மா! வேண்டாம்மா! வருசத்தப் பாருங்க!"

பயந்துட்டாருன்னு நெனச்சேன். குட்டு ஒடையப் போவுதேன்னு கத்தறாருன்னு நெனச்சேன். நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க? அத்தன பேரு முன்னாடி என்னைய ஊதறவன்னு சொல்லிட்டு இப்ப 'வேண்டாம்மா'வான்னு, ஓங்கி ஒரே போடு. ரெண்டாப் போச்சு.

உள்ள வெள்ளவெளேர்னு இருந்துச்சுங்க.

மஞ்சள் இல்ல, மங்கல் இல்ல. சுத்தமான வெள்ளி. எனக்கு ஒண்ணும் ஓடல. கூட்டம் ஓன்னு சிரிக்குது. அவரு மட்டும் சிரிக்கல. அந்த ரெண்டு துண்டையும் எடுத்து, படியிலயே ஒக்காந்துட்டாரு. ஒட்ட வச்சுப் பாக்கறாரு. ஒரு துண்டுல பத்தொம்போது, இன்னொரு துண்டுல முப்பத்தொம்போது.

அப்புறந்தான் சொன்னாங்க. தாடியில்லாத ராசா காசுல முப்பத்தொம்போது வரைக்கும் நல்ல வெள்ளியாம். நாப்பதுலயிருந்துதான் பாதி வெள்ளியாம். அந்த முப்பத்தொம்போது வெளிய கெடைக்கறதே இல்லையாம். ஒத்தக் காசு ரெண்டு லட்சம், மூணு லட்சம் போவுமாம். பக்கத்துல நின்ன ஒரு ஆளு தலையில கைய வச்சுக்கிட்டாரு, அவரு வீட்டுல எழவு விழுந்த மாதிரி.

கோதண்டபாணி அந்தத் துண்டு ரெண்டையும் காயிதத்துல மடிச்சு என் கையில குடுத்தாரு. "உங்க காசும்மா"ன்னாரு. 

அதென்னங்க கேக்கறீங்க? வெட்டறதுக்கு முந்தி தட்டிப் பாத்தேனான்னா? குறுக்க பேசாதீங்க, சொல்லிட்டுத்தான இருக்கறேன்.

அந்தத் துண்டுங்கள என்ன பண்ணுனேன்னு கேளுங்க. மறுநாள் காலையில உருக்குனேன். ஆமாங்க, மண் மூசையில போட்டு உருக்கி, ஒரு சோடிக் கொலுசுல சேத்துட்டேன். இப்ப அது யாரு கால்லயோ கெடக்குது, எந்த ஊருன்னு கூடத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தாரு. முப்பத்தஞ்சு வருசமா என்கூட இருக்கற மனுசன். கேட்டாரு, "நீ தட்டலையா?" அவ்வளவுதான் கேட்டாரு. ரெண்டு நாளு நான் அவருகிட்டப் பேசல.

சங்கத்துலயிருந்து கடிதாசி வந்துச்சு. ஏலத்துல கலகம் பண்ணுனதுக்கு எழுத்துல மன்னிப்புக் கேக்கணும், இல்லைன்னா இனிமே உள்ள விட மாட்டோம்னு. நான் எதுக்குக் கேக்கணும்? நோட்டீசுல பொய் அச்சடிச்சது நானா? நான் ஒரு காசுல தப்புப் பண்ணுனேன்னே வச்சுக்குங்க. ஒரு காசு. மீதி நூத்தி அறுபத்தொம்போது?

ஒக்காந்தேன். பட்டறை வேலைய முடிச்சிட்டு தெனம் ஒரு மணி நேரம். ஒவ்வொரு காசா நிறுத்தி, தட்டி, கேட்டு, தனித்தனியாப் பிரிச்சேன். நீண்டு போனது நாப்பத்தஞ்சு. நின்னு போனது நூத்திப் பதினெட்டு. டொக்கு ஆறு. எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல சங்கத்துக்கு அனுப்புனேன். மன்னிப்புக் கடிதாசிக்குப் பதிலா அதத்தான் அனுப்புனேன். பதில் வரல.

பத்து மாசம் போச்சு. பேட்டையில என் பேரே மாறிப் போச்சுங்க. 'உளியம்மா'ன்னு கூப்பிடறாங்க. வெல கேக்க வர்ற பொடிப்பசங்க கூட, அம்மா, வெட்டாமச் சொல்லுவீங்களான்னு கேட்டுட்டுச் சிரிக்கறாங்க. நான் எவனுக்கும் தலை குனியல. கடைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், அதே தெரு வழியாத்தான் போனேன். காசுங்கள மட்டும் உருக்கல. மூணு டப்பாவுல அப்படியே வச்சிருந்தேன். ஏன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல.

ஆவணி மாசம் ஒரு நாளு சாயங்காலம், பட்டறை வாசல்ல ஆள் நிக்குது. கோதண்டபாணி. வேத்து விறுவிறுத்து, மாடிப்படி ஏறி வந்திருக்கறாரு. பி.பி. இருக்கற மனுசன். கையில நான் அனுப்புன தபாலு. நாலா மடிச்சு, மடிச்ச எடமெல்லாம் நைஞ்சு போயிருக்குது.

"அம்சவேணியம்மா, இந்தக் காசெல்லாம் இருக்குதா, உருக்கிட்டீங்களா?"ன்னாரு.

"இருக்குது. ஏன், திருப்பி ஏலம் போடப் போறீங்களா?"ன்னேன். உக்காருங்கன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரருதான் ஸ்டூலு எடுத்துப் போட்டாரு.

"நான் பாக்கலாமா?"

டப்பாவ முன்னாடி வச்சேன். கண்ணாடிய மேல தூக்குனாரு. ஒவ்வொரு காசா எடுத்து மூக்குக்கிட்ட வச்சு வருசத்தப் படிக்கறாரு. 'நின்னு போனது' டப்பாவுல இருந்து எடுக்கறாரு. நாப்பது. நாப்பத்திரெண்டு. நாப்பத்தி நாலு. நாப்பது. நாப்பத்தஞ்சு. ஒண்ணு கூட நாப்பதுக்கு முந்தினது இல்ல. 'நீண்டு போனது' டப்பாவுல ஒண்ணு கூட நாப்பதுலயோ அதுக்குப் பின்னாடியோ அடிச்சது இல்ல. நான் வருசம் பாக்கலைங்க, சத்தியமாப் பாக்கல. காது வச்சுப் பிரிச்சது. அவரு கண்ணு வச்சுப் படிச்சது. நூத்தி அறுபத்தி மூணு காசு, ஒண்ணு கூட மாறல. அந்த ஆறு கள்ளக்காசுல மட்டும் அவரு தடுமாறுனாரு. "வருசமெல்லாம் சரியா இருக்குதே"ன்னாரு. தட்டிக் காமிச்சேன். டொக்கு. வாயப் பொளந்துட்டு இன்னொருக்காத் தட்டச் சொன்னாரு. அவரே ஒண்ண வாங்கித் தட்டிப் பாத்தாரு. அவரு தட்டுன தட்டுல எதுவும் கேக்காது, காச முழுசா உள்ளங்கையில பொத்திக்கிட்டுத் தட்டறாரு.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. எனக்கு மனசுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுங்களா? ஊர் பூரா மேளம் வச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு. வெளிய காட்டிக்கல. டீ வேணுமான்னு மட்டும் கேட்டேன்.

டீயக் குடிச்சிட்டு அவரு சொன்னாரு: "அன்னிக்கு நான் வருசம் பாக்கலம்மா. லாட்டு கடைசி நேரத்துல வந்துச்சு. மேல கெடந்த பத்துக் காசப் பாத்தேன். மீதிய எடை போட்டேன். எடை சரியா இருந்துச்சு. எழுதிட்டேன். முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் டிக்கெட்டுல தேதி பாத்தவன் நான். அந்த ஒரு நாள் பாக்கல. பாத்திருந்தா அந்த முப்பத்தொம்போத நானே தனியா எடுத்து வச்சிருப்பேன்."

நான் காசுங்களத் திருப்பி டப்பாவுல அடுக்குனேன். 

"அந்தத் துண்டு ரெண்டும் இருக்குதா? ஒருக்காப் பாத்துக்கறேன்."

"உருக்கிட்டேன்."

அவரு முகம் போன போக்கு இருக்குதே... சொந்தக்காரங்க செத்ததச் சொன்னாக்கூட மனுசனுக்கு அப்படிப் போவாது. டம்ளரக் கீழ வச்சாரு. அப்புறம் மெதுவா, குத்தம் சொல்ற மாதிரி இல்லாம, தெரிஞ்சுக்கற மாதிரிக் கேட்டாரு:

"அன்னிக்கு வெட்டறதுக்கு முந்தி நீங்க தட்டிப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்"னேன்.

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

"எப்படிங்க கேக்கும்? உங்க மண்டபத்துல எட்டு ஃபேனு. எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல."

அவரு தலைய ஆட்டுனாரு. "ஆமாம். ஃபேனப் போடச் சொன்னவன் நான்தான். அதுவும் என் தப்புத்தான்"னாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு.

அடுத்த ஏலத்துக்கு என்னை வரச் சொல்லி ஆள் விட்டாரு. மன்னிப்பும் இல்ல, கடிதாசியும் இல்ல. போனேன், கெத்தாத்தான் போனேன். நல்ல பட்டுச் சேலை கட்டிட்டு. மைக்கப் புடிச்சாரு மனுசன். அறுபத்திரண்டாம் லாட்டுல நடந்தது எல்லாம் என் தப்புன்னாரு. வருசம் பாக்காம எழுதுனது என் தப்பு. அந்தம்மா முறையாத் தட்டிப் பாத்தாங்க, ஃபேன் எரைச்சல்ல அவங்களுக்குக் கேக்காமப் போனதும் என் தப்புன்னாரு. தலைவர் பதவிய விட்டு எறங்கறேன்னாரு. எறங்கிட்டாரு. போறதுக்கு முந்தி ஒரு விதி எழுதிட்டுப் போனாரு. இனிமே வெள்ளி லாட்டு எதுவும் அம்சவேணியம்மா தட்டிக் கேட்டுச் சொன்ன பொறவுதான் நோட்டீசுல ஏறணும். அவங்க கேக்கறப்ப மண்டபத்துல ஃபேன் ஓடக் கூடாது.

சிரிப்பு வருதுங்களா? எனக்கும் மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. நான் உள்ள போனதும் ஃபேனு எல்லாம் நிக்குது. எழுபது ஆம்பளைங்க கப்சிப்புனு ஒக்காந்திருக்காங்க. ஊசி விழுந்தாக் கேக்கும். நான் ஒரு காச எடுத்துத் தட்டறேன், எல்லாரும் மூச்சப் புடிச்சிட்டுக் கேக்கறாங்க. எந்த மகராணிக்குக் கெடைக்கும் அது?

அது மார்கழி. பொறவு ஈரோடு, கோயமுத்தூரு சங்கங்களும் அதே விதியப் போட்டுக்கிட்டாங்க. இப்ப வெயிலு. போன மாசம் ஈரோட்டு ஏலத்துல தகரக் கூரை மண்டபம், உச்சி வெயிலு. எனக்குப் பதினஞ்சு லாட்டு பாக்கணும், ஒரு மணி நேரம் ஆச்சு. ஒருத்தரு நோட்டீசால விசிறறாரு, ஒருத்தரு பனியனோட நிக்கறாரு. அந்த ஈரோட்டு வியாபாரி, என்கிட்ட அறுபத்திரண்டாம் லாட்ட விட்டவரு, என் காதுபடத் திட்டறாரு. திட்டட்டும், அதுக்கெல்லாம் அசர மாட்டேன். ஆனா பின்வரிசையில கோதண்டபாணி ஒக்காந்திருக்கறாரு. இப்ப தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா வந்து ஒக்காருவாரு. சட்டை பூரா நனைஞ்சு முதுகுல ஒட்டிக் கெடக்குது. துண்டால கழுத்தத் தொடைக்கறாரு, பிழியறாரு, மறுபடியும் தொடைக்கறாரு. பக்கத்துல ஒரு இளவட்டம், "இந்தம்மாவுக்காக எல்லாரும் சாவணுமா?"ன்னு கேக்குது. இவரு அவன்கிட்ட சொல்றாரு: "கொஞ்சம் பொறுங்க தம்பி. ஃபேன் ஓடுனதாலதான் ஒரு முப்பத்தொம்போது போச்சு."

என் காது நல்ல காதுன்னு சொன்னேன்ல. பின்வரிசையில சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

ஏங்க, ஃபேன் எரைச்சல் எனக்கு என்னங்க பண்ணும்? நாப்பது வருசம் பட்டறைக்குள்ள ஒக்காந்தவ. ஒரு பக்கம் ஊதுகுழல் சீறுது, பக்கத்துப் பட்டறையில மெருகு மெஷின் கத்துது, கீழ தெருவுல லாரி ஆரன் அடிக்குது. அதுக்கு நடுவுல தட்டிக் கேட்டு வெல சொன்னவ நான். எட்டு ஃபேனு எனக்கு ஒரு கணக்கா?

தட்டலீங்க.

அன்னிக்கு நான் தட்டிப் பாக்கல. தட்டுல கைய விட்டேன், தாடியில்லாத ராசா மூஞ்சி தெரிஞ்சுது, எடுத்து வச்சேன், போட்டேன். அவரு மைக்குல சொன்ன சொல்லு காதுக்குள்ள கொதிச்சிட்டிருந்துச்சு. காசு சத்தமா கேக்கும் அந்தக் காதுல? ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தா கிணீர்னு போயிருக்கும், நானே அரண்டு போயிருப்பேன். நாப்பது வருசத்துல தட்டாம நான் வெட்டுன ஒரே காசு அதுதான்.

எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லல. அவருக்குத் தெரியும், அது வேற விசயம். கோதண்டபாணிகிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன். நீங்க அவினாசில எறங்கிப் போயிருவீங்க. உங்க பேரு கூட நான் கேட்டுக்கல.

அப்படிப் பாக்காதீங்க. அவரு தப்ப ஒத்துக்கிட்டாருன்னா நானும் ஒத்துக்கணும்னு சட்டமா? அவரு நோட்டீசுல எழுதுனது நூத்தியெழுபது காசுக்குப் பொய். நான் விட்டது ஒண்ணே ஒண்ணு. என்னைய ஊதறவன்னு மைக்குல சொன்னதுக்கு அவரு இன்னும் ஒரு வார்த்தை சொல்லல, தெரியுங்களா? அது மட்டும் அவருக்கு மறந்து போச்சு. எனக்கு மறக்கல.

இந்தக் கோயமுத்தூரு மண்டபத்துக்கு ஜன்னலே ரெண்டுதானாம். நோட்டீசுல முப்பது வெள்ளி லாட்டு. முப்பது லாட்டுன்னா ரெண்டு மணி நேரம். இன்னிக்குக் கெளம்பறப்ப போன் பண்ணிக் கேட்டேன், கோதண்டபாணி சார் வர்றாரான்னு. மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாராம். இந்தச் சித்திரை வெயில்ல, பி.பி. மாத்திரையப் போட்டுட்டு, ஃபேனு ஓடாத மண்டபத்துல ரெண்டு மணி நேரம் ஒக்காரப் போறாரு. யாரு வரச் சொன்னா அவர? அந்த மனுசனுக்குப் புத்தி இருக்குதா?

எறங்கிக்குங்க, உங்க ஊரு வந்திருச்சு. பாத்து எறங்குங்க, படி ஒசரம். நான் பன்னெண்டு மணிக்குள்ள போயிருவேன். எல்லாரும் வந்து ஒக்காரறதுக்கு முந்தி அவரத் தனியாக் கூப்புட்டு, தட்டலேன்னு சொல்லிருவேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. ஃபேனப் போடச் சொல்லப் போறேன்.